கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். வைத்தவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்கிற வேலை ஒன்றுதான். பக்கவாதம் வந்தவர்களின் ரத்தத்தில், உறைந்த கட்டியைக் கரைக்கிற நொதி எவ்வளவு, அதைக் கரைக்கவிடாமல் தடுக்கிற சரக்கு எவ்வளவு என்று அளக்க வேண்டும். நொதி என்பது மகா அவசரக்கார ஜாதி. ரத்தத்தை எடுத்துச் சும்மா மேஜையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் குணம் மாறிவிடும். அதனால் எடுத்த நேரம், இயந்திரத்தில் சுழற்றிய நேரம், உறையவைத்த நேரம் மூன்றும் குழாய் மேல் எழுதியிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் குழாய் நேரே மஞ்சள் கழிவுத் தொட்டிக்குப் போகும். அனுப்பிய டாக்டரே வந்து கெஞ்சினாலும் கடிகாரம் மசியமாட்டார்.

"நேரம் இல்லாத ரத்தம் வெறும் சிவப்புத் தண்ணி சார்" என்பார்.

எலிகளும் உண்டு. எலியின் மூளைக்குப் போகிற நாளத்தை அடைத்து, ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி கழித்துக் கட்டி கரைக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் அந்த மூளையை ரொட்டி மாதிரித் துண்டு போட்டுச் சாயத்தில் நனைப்பது கடிகாரத்தின் பொறுப்பு. உயிருள்ள இடம் சிவக்கும். செத்த இடம் வெளுத்தே கிடக்கும். சீக்கிரம் மருந்து கிடைத்த எலிகளுக்கு வெளுப்பு கொஞ்சம்தான். ஆறாம் மணி எலிகளுக்கு வெளுப்புக்கு நடுவே கறுப்புத் திட்டுகள் இருக்கும். நைந்துபோன நாளத்துக்குள் ரத்தம் திரும்பப் பாய்ந்து, சுவர் தாங்காமல் பொத்துக்கொண்ட இடங்கள் அவை. மருந்து அதேதான், நேரம்தான் வேறு. அந்தக் கறுப்பை அவர் ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு வகுப்பில் பாடம் நடத்தினால் பக்கத்து இரண்டு வகுப்புக்கும் இலவசம் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். குரல் அப்படி. அக்காவுக்கு வாய்த்த புருஷன் கார் உதிரிபாகக் கடையில் விற்பனைக்காரர். வேண்டுமென்று யாருக்கும் கெடுதல் செய்யாத மனிதர், ஆனால் புளுகு மூட்டை. பத்து மணிக்கு எழுந்துவிட்டு ஆறு மணிக்கே எழுந்தேன் என்பார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். அத்தானுக்கு மூன்று வேளையும் தட்டு நிறையக் கிடைத்தது. கடிகாரத்துக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதுக்கு அத்தானிடமிருந்து போன். "மாப்ளே, உடனே வா. அக்கா பாத்ரூம்ல விழுந்து கிடக்கா. பேச்சு வரல."

அடுத்த தெருதான். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அக்கா நைட்டியோடு தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை துணி மாதிரி விழுந்து கிடந்தது. அத்தான் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் கடிகாரத்தின் கண் வீட்டைச் சுற்றி வந்தது. பழகிய கண், சும்மா இருக்காது. பேப்பர் வாசல் மிதியடி மேல் அப்படியே கிடந்தது. அடுப்பு ஜில்லென்று இருந்தது. மாத்திரை டப்பாவில் புதன்கிழமைக் காலைக்கான பிரஷர் மாத்திரை தொடாமல் இருந்தது. தலை வாரவில்லை. ஐந்தரைக்கு எழுந்து, ஆறுக்குள் குளித்து, ஆறேகாலுக்கு டீ போட்டுவிட்டு உலகத்தையே எழுப்புகிறவள் அக்கா. தூக்கத்திலேயே வந்திருக்கிறது, தட்டுத்தடுமாறி பாத்ரூம் வரை வந்து விழுந்திருக்கிறாள் என்று அவர் அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி அவருடைய ஆய்வுக்கூடம் இருக்கிற அதே வளாகம்தான். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. எமர்ஜென்சி டாக்டர், சின்ன வயதுப் பெண், பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு அத்தானைக் கேட்டார்.

"இவங்களை நல்லபடியா கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஏழு, ஏழேகாலுக்கு டாக்டர். என்கூடப் பேசிட்டிருந்தா."

டாக்டர் மணியைப் பார்த்தார். பத்தாகவில்லை. அடைப்பு வந்து நாலரை மணி நேரம் வரைக்கும் கட்டி கரைக்கிற ஊசி போடலாம். "டைம் இருக்கு" என்று நர்ஸிடம் மருந்தைக் கலக்கச் சொன்னார்.

ஆறாம் மணி எலிகள் வரிசையாகக் கடிகாரத்தின் கண் முன்னே வந்தன. இரவே வந்திருந்தால் இப்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும்.

"டாக்டர், அந்த டைம் தப்பு. அவ இன்னைக்கு நல்லபடியா எந்திரிக்கவே இல்ல. டீ போடல, மாத்திரை போடல. ராத்திரி பத்து மணிக்குப் படுத்ததுதான் கடைசி."

"சத்தியமா பேசினா மாப்ளே!"

"என்ன பேசினா?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். "சும்மா... வீட்டு விஷயம்."

இத்தனை வருடப் பொய்களில் இதைவிட மோசமாக அவர் திணறியதைக் கடிகாரம் கண்டதில்லை. டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூளைத் திசுவைப் படமெடுத்து நேரத்தைக் கணிக்கிற பெரிய மெஷின் ஒரு வாரமாக ரிப்பேர். ஆளை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

"சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேரம் தப்பா இருந்தா இந்த ஊசியே இவங்க உயிரை எடுத்துடும். ஏழு மணிக்குத் தெளிவாப் பேசினாங்களா?"

"உயிரை எடுத்துடுமா?" அத்தானின் முகம் வெளிறியது. மச்சினன் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இவன் இதுலயே வேலை பாக்கறவன். இவன் சொல்றதையே எழுதிக்குங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். நர்ஸ் கலக்க எடுத்த மருந்தைத் திரும்ப வைத்தார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தீர விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா பிழைத்தாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போயே போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வரமாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். "த, த" என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டில் உட்காரவைத்த குரல் அது.

கடிகாரம் தினமும் வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்தார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். மனதில் துக்கம் இருந்தது, அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நல்ல வேளை நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று ஆய்வுக்கூடத் தலைவர்கூடச் சொன்னார். ஒரு நாள் அக்காவிடமே சொல்லிவிட்டார்: "அந்த ஊசியைப் போடவிடாம தடுத்தது நான்தான்க்கா. போட்டிருந்தா தலைக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கும்." அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம், படியேறும்போது கீழ்வீட்டுத் தையல்காரி மறித்தார். ஆறுதல் சொல்லத்தான் மறித்தார், பாவம்.

"இப்ப வீடே நிசப்தமா கிடக்கு சார். மனசு கேக்கல. அன்னைக்குக் காலையிலகூட உங்கக்கா போட்ட சத்தம் என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சே! ஏழு மணி நியூஸ் ஓடிட்டிருந்தது, எனக்கு ஒரு வார்த்தை கேக்கல. சிகரெட்டு, சிகரெட்டுன்னு ஒரே திட்டு. இனிமே இந்த வீட்ல அடுப்பு எரியாது, நான் எந்திரிக்கவே போறதில்ல, மாத்திரையும் போடமாட்டேன்னு..."

கடிகாரம் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரி இன்னும் என்னென்னவோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. எரியாத அடுப்பு, எடுக்காத பேப்பர், போடாத மாத்திரை. அக்கா வேலைநிறுத்தம் செய்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அத்தான் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏழு மணிக்குச் சண்டையா போட்டீங்க?"

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று ஐந்து வாரமாகக் காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம்.

"சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்லியிருந்தேன். காலையில எந்திரிச்ச உடனே சட்டைப் பையில பாக்கெட்டைப் பாத்துட்டா. குளிக்கல, டீ போடல, ஏழேகால் வரைக்கும் கத்தினா, போய்த் திரும்பப் படுத்துட்டா. நானும் கோவத்துல ஹால்ல கிடந்தேன். எட்டே முக்காலுக்குச் சத்தம் கேட்டு ஓடினா பாத்ரூம்ல விழுந்து கிடக்கா. என்னாலதான் ரத்தம் கொதிச்சு இப்படி ஆச்சுன்னு நினைச்சேன் மாப்ளே. அதை உன் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

"டாக்டர் அத்தனை தடவை கேட்டாங்களே!"

"நீ அவ்வளவு உறுதியாச் சொன்னியே." குரல் உடைந்தது. "உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அத்தான் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

"ஊசி போட்டிருந்தா எந்திரிச்சிருப்பாளா?" அத்தான் கேட்டார்.

"மூணு பேர்ல ஒருத்தருக்குப் பலன் தெரியும்."

"அந்த ஒருத்தி இவளா?"

கடிகாரம் அக்காவின் அறைப் பக்கம் நடந்தார்.

அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அக்கா விழித்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கடிகாரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எமர்ஜென்சில நான் டாக்டர்கிட்ட சொன்னது உனக்குக் கேட்டுச்சாக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அது தப்புன்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

ஆமாம்.

"சொல்லணும்னு பாத்தியா?"

அக்காவின் உதடு துடித்தது. "த, த, த" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிறகு இடது கையைத் தூக்கிக் கட்டில் கம்பியைப் படார் படார் என்று அடித்தாள்.

எமர்ஜென்சியில் அன்றைக்கும் தள்ளுவண்டிக் கம்பியை அவள் இப்படித்தான் அடித்தாள். நோயாளி நிலைகொள்ளாமல் தவிக்கிறார், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். அந்தக் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதக்கா, அதான் நான் இருக்கேன்ல" என்று சொன்னவர் கடிகாரம்தான்.