அட்டையில் நின்றவள்

இன்சூரன்ஸ் அட்டையை வீரணன் ஏழு வருஷமாகத் தகரப்பெட்டியில் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். படம் மேலே தெரியக்கூடாது. ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார். கேட்க ஆளும் இல்லை. பிள்ளை இல்லாத வீடு; அவரும் பெண்டாட்டி சுருளியம்மாவும்தான்.

இப்போது அதை எடுத்தே ஆக வேண்டியதாகிவிட்டது. சுருளியம்மாவுக்கு நெஞ்சில் வால்வு சுருங்கிவிட்டது. நாற்பது வருஷம் ஏலத்தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கியவள், குழாயடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். மதுரையில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வந்து படுக்க வேண்டும். அட்டை இருந்தால் காசு கட்ட வேண்டாம். இல்லாவிட்டால் இரண்டு பேரையும் விற்றாலும் தேறாது. இந்த வெள்ளியை விட்டால் மூன்று மாசம் கழித்துத்தான் இடம், அதுவரை தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீரணனுக்கு அந்த டாக்டரைப் பிடித்திருந்தது. மற்றவர்கள் பூசி மெழுகுவார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவன் அட்டையைப் பார்த்தான், சுருளியம்மாவைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான்.

"இது இவுக இல்லியே."

இல்லைதான். அது ஜக்கம்மா.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அட்டைக்குப் படம் எடுத்தார்கள். ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடந்த சமயம். சுருளியம்மா விடியும் முன்பே ஜீப்பில் மலையேறிப் போய்விட்டாள். ஒரு நாள் போகாவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் அந்த இடம் கிடைக்காது. படம் எடுக்கிறதே ஓட்டுக்குச் செய்கிற ஏமாற்று வேலை, தலை இரண்டு என்று கணக்குக் காட்டினால் போதும் என்று வீரணன் நினைத்தார். பக்கத்து வீட்டு ஜக்கம்மா அன்று காய்ச்சலால் மலைக்குப் போகவில்லை. கட்டியவன் விட்டுப்போன ஒண்டிக்கட்டை. சுருளியம்மாவோடு ஒரே ஜீப்பில் போய் வருகிறவள். அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"தள்ளி நில்லுங்கண்ணே, அஞ்சு நிமிசப் பொண்டாட்டிக்கு இம்புட்டு ஒட்டுதல் ஆகாது" என்று அவள் சொன்னதில் வரிசையே சிரித்தது. வீரணன் தள்ளித்தான் நின்றார். படத்தில் இரண்டு பேருக்கும் நடுவே இன்னோர் ஆள் நிற்கலாம். அவ்வளவு இடம்.

ஐந்து வருஷம் கழித்து அதே ஜக்கம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்றாள். சுருளியம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"அட்டைல இருக்கது என் மூஞ்சிதானண்ணே. பேரு மட்டுந்தான் மதினி பேரு. கேட்டா நாந்தான் சுருளியம்மான்னு சொல்லிக்கிறேன்."

வீரணன் யோசிக்கக்கூட இல்லை. "ஆபரேசன்ல நீ செத்தா, செத்தது எம்பொண்டாட்டின்னுல்ல எழுதுவான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சரிண்ணே என்று போய்விட்டாள். இரண்டு மாசத்தில் எல்லாம் முடிந்தது. தூக்கியவர்களில் வீரணனும் ஒருவர். கனமே இல்லை.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் வாசலில் அவள் நின்ற இடத்தை மட்டும் இன்றுவரை மிதித்ததில்லை. சுற்றித்தான் போவார். காலையில் சாப்பிட உட்கார்ந்தால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ நிற்பது தெரியும். நிமிராமல் சாப்பிட்டு முடிப்பார்.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி படத்தை மாற்ற மறுநாள் சுருளியம்மாவைக் கூட்டிக்கொண்டு தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போனார். மெஷின் கோளாறு, யாரோ படத்தை மாற்றிவிட்டான் என்று சொல்வதாகப் பஸ்ஸில் வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அட்டைப் பிரிவில் பெனாசிர் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து எதையோ தட்டினாள். கம்ப்யூட்டரில் ஜக்கம்மா வந்து நின்றாள். அட்டையில் கடுகளவு இருந்த முகம் இங்கே உள்ளங்கை அகலம். சிரிப்பை அடக்கிய வாய் அப்படியே இருந்தது.

படித்து வைத்த பொய்யை அந்த முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், பேர் ஜக்கம்மா, செத்துப்போய்விட்டது என்றார்.

"இந்த அட்டையில அவுக வைத்தியம் எதுவும் பாத்தாகளா?"

பக்கத்து நாற்காலியில் சுருளியம்மா மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல."

"நல்லதாப் போச்சுங்கய்யா. பாத்திருந்தா இப்ப உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. கேஸாயிருக்கும்."

படத்தில் உள்ளவர் இந்த அட்டையின் மூலம் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டாள். தனியாக இருந்த பெண் என்றால் அவருக்கே ஒரு ரேஷன் கார்டு வாங்கி அட்டையும் எடுத்திருக்கலாமே, யாரும் கூட்டிவரவில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வீரணன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகப் பேரைப் போட்டார். தாளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் பேரை எழுத இவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

புதுப்படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். சேர்ந்து நில்லுங்கள் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வீரணன் குனிந்து பார்த்தார். அவர் கால் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நின்றிருந்தது. சுருளியம்மாவும் நெருங்கி வரவில்லை.

"அப்படியே எடு தாயி" என்றாள்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஜக்கம்மா எங்கிட்டத்தான் மொதல்ல வந்து கேட்டா. அவருகிட்ட கேளு, குடுப்பாருன்னு நாந்தான் அனுப்பிச்சேன். தண்ணிக்குப் போற மாதிரி போயி குழாயடியில நின்னேன். கொடம் நெறஞ்சு வழிஞ்சு ஓடுச்சு. நீக பேசி முடிக்கட்டும்னு நான் வரல."

"ஏழு வருசமா ஒரு வார்த்த கேக்கலியே."

"நீக சொல்லுவீகன்னு இருந்தேன்."

 ஆபரேஷனுக்கு வருவாயா என்று பஸ்ஸில் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் கேட்டார். அடுப்பை மூட்டப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பார்த்தால் துணி இரண்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜக்கம்மா நின்ற இடத்தில்.

மதுரையில் வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து கூப்பிட்டாள். "சுருளியம்மா."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"சுருளியம்மா யாருங்க?"

வீரணன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபரேஷனில் செத்தால் என் பெண்டாட்டி செத்ததாகத்தான் எழுதுவான் என்று அன்று ஜக்கம்மாவிடம் தான் சொன்ன பேச்சு அந்த வராந்தாவில் அவருக்கு முன்னால் வந்து நின்றது. இன்று அந்தப் பேருக்கு உரியவளே உள்ளே போக வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"நாந்தான் சுருளியம்மா."

அன்று வாசலில் நின்று ஜக்கம்மா சொன்ன அதே சொல். அதே தணிந்த குரல், ஏதோ இரவல் கேட்பதைப் போல. நர்ஸ் புது அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சரிதான், வாங்கம்மா என்று கூட்டிப்போனாள். கதவு மூடியது.

பெஞ்சில் அவளுக்கும் அவருக்கும் நடுவே விட்டிருந்த இடம் அப்படியே இருந்தது. கூட்டமான வராந்தா. யார் யாரோ வந்து, உட்காரலாமா என்று கேட்டார்கள். ஆள் இருக்கு என்றார் வீரணன்.