கிரகணத்தன்று ஓடிய ஃப்ரீசர்

சூரியனுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே இனி யாரும் குறுக்கே வர முடியாது என்று கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தார். சந்திரன் உட்பட.

அறிவித்த இடம் தெருவின் வாட்ஸ்அப் குழு. சனிக்கிழமை முற்பகலில் சூரிய கிரகணம். முழுக் கிரகணம் இல்லை, ஆனாலும் சூரியனில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிடும். அந்த நேரத்தில் தன் வீட்டில் எல்லா மின்விசிறியும் சுழலும், எல்லா விளக்கும் எரியும், சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம், மொட்டைமாடியில் நாற்காலி போடப்படும், கிரகணம் பார்க்கும் கண்ணாடி அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையின் அன்பளிப்பு. கீழே கையெழுத்து: 'சுதந்திர வீடு.'

சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. மாடியில் சோலார் பேனல்கள், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டரும் பேட்டரிகளும். அவற்றைப் போட்ட சூட்டோடு மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வந்த இணைப்பையே துண்டித்துவிட்டார். ஒரு பாதுகாப்புக்காவது இருக்கட்டுமே சார் என்று துண்டிக்க வந்த லைன்மேனே கெஞ்சினார். "விவாகரத்துல பாதி விவாகரத்துன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டு அவரை ஏணியில் ஏற்றினார். மீட்டர் இருந்த சுவரில் இப்போது பேனல்களின் புகைப்படம், சட்டம் போட்டு.

அன்றிலிருந்து தெருவில் மற்ற எல்லாரும் அவருக்குக் கம்பத்தடியார்கள். மின்வெட்டு வந்தால் போதும், வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். "என்ன அடியாரே, உங்க கம்பம் இன்னைக்குக் கண்ணைத் திறக்கலையாமே?"

தலைமை அடியார் பக்கத்து வீட்டு மைத்துனர். மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்து, எதற்கும் பதறாத ஒரு முகத்தைச் சம்பாதித்து வைத்திருந்தார்.

"அடுத்தவன் ஒயர்ல தொங்கிப் பொழைக்கிறதெல்லாம் ஒரு பொழைப்பா மாப்ள?"

"என்ன பண்றது அத்தான். தொங்கியே பழகிட்டோம்."

தினமும் மாலையில் செல்போன் காட்டும் வரைபடத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் குழுவில் போடுவார். காலையில் ஏறி, நடுப்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும் மலை ஒன்று, அது உற்பத்தி. மலைக்கு அடியில் ஒரு கோடு. அது வீட்டுச் செலவு. மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கோடு தாழ்ந்து தாழ்ந்து தரையோடு படுத்துவிட்டது. அதில்தான் அவருக்குப் பெருமை. படத்துக்குக் கீழே 'ஒழுக்கம்' என்று ஒரே சொல் எழுதுவார். மனைவி எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் நல்லா வந்திருக்கே" என்பாள். தெருவே திரண்டு கட்டைவிரல் காட்டினாலும், அவருக்கு அந்த ஒரு வரி இல்லாமல் அன்றைய பொழுது சாயாது.

பேனல்களை அவரேதான் கழுவினார். மழைக்காலம் வரை தோட்டத்துப் பச்சை ஹோஸ் குழாயை மாடிக்கு இழுத்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அதன்பின் ஹோஸ் ஓட்டையாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். பக்கவாட்டுச் சுவரோரம் அது நீட்டிக் கிடந்தது. தூக்கிப் போடவா என்றால், "கிடந்துட்டுப் போகுது, தொடாதீங்க" என்றாள். புதிதாக வாங்கவா என்றால், "வாளியில தூக்கினா உடம்புக்கு நல்லதுங்க" என்றாள். தன் உடம்பின் மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போய், தினமும் வாளி வாளியாக மாடிக்குத் தூக்கினார். தோள்பட்டை மட்டும் அந்த அக்கறையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வலித்தது.

கிரகணத்தன்று மாலை இன்னொரு விசேஷமும் இருந்தது. மனைவி வீட்டிலேயே ஐஸ்கிரீம் கேக் செய்து விற்கிறவள். கோடிவீட்டு நர்ஸின் கல்யாண வரவேற்புக்கு மூன்றடுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். அவள் செய்ததிலேயே பெரியது. விருந்துக்கு நர்ஸ் வேலை பார்க்கும் மருத்துவமனை மொத்தமும் வரும். கேக் நிமிர்ந்து நின்றால் இனி அத்தனை பேர் வீட்டுக் கேக்கும் இவளுடையது. ஓர் அடுக்கு இளகிச் சாய்ந்தாலும் அதோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

முந்தின நாள் நர்ஸ் வந்து நின்றாள். "அங்கிள், நாளைக்கு சூரியனே இருக்காதாமே. கேக்குக்கு ஒண்ணும் ஆகாதே?"

"என் வீட்டு ஃப்ரீசர் நின்னா, தெருக் கம்பத்தைக் கட்டிப்பிடிச்சு மன்னிப்பு கேக்கறேம்மா. போதுமா?"

மனைவியும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாதும்மா, நீ தைரியமா போ" என்றாள். அப்போது அங்கிருந்த மைத்துனர் கூரையைப் பார்த்தார். இப்படி யோசிக்காமல் நம்புகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது.

சனிக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் முதல் வரிசையில், கிரகணக் கண்ணாடியை மூக்குக்கண்ணாடியின் மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் செல்போனை உயர்த்திப் பிடித்தார். ஏறிக்கொண்டிருந்த மலை அந்த இடத்தில் தயங்கி, மெல்லச் சரியத் தொடங்கியிருந்தது.

"பாருங்க, உங்களுக்கு வெயில் அப்படியேதான் இருக்கற மாதிரி தெரியுது. பேனல்ல இப்பவே குறைய ஆரம்பிச்சுடுச்சு. கண்ணுக்குன்னு ஒரு குணம் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா அதுக்குத் தெரியவே தெரியாது. பழகிக்கும். தொழில் முறையில சொல்றேன், கண்ணை நம்பாதீங்க."

"கண்ணாடி விக்கிறவன் வேற என்ன சொல்வான்" என்றார் தபால்காரர்.

கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருந்தார். இரவெல்லாம் மின்விசிறிகள் ஓடுவதால் பேட்டரி காலையில் காலியாகத்தான் இருக்கும், மதியத்துக்குள் நிரம்பும்; இன்று நிரம்புவதற்குள் சந்திரன் வந்துவிடும், சரி. ஆனால் வீட்டுச் செலவுதான் தரையோடு படுத்திருக்கிறதே? மிச்சமிருக்கும் பத்தில் ஒரு பங்கு வெயிலே அதற்குத் தாராளம். அந்தத் தைரியத்தில் மின்விசிறி, விளக்கு, டிவி எல்லாம் ஓடவிட்டு, யாருமில்லாத குளியலறையின் விளக்கையும் போட்டு வைத்திருந்தார்.

வெளிச்சம் ஈயம் பூசியதுபோல் வெளுத்தது. நிழல்களின் விளிம்பு கூர்மையானது. சூரியன் வெட்டிய நகம் அளவுக்கு மெலிந்தபோது, மாடிப்படிக்கு அடியிலிருந்து இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. பிறகு கத்துவதையும் நிறுத்தியது. கீழே டிவி பாதி வாக்கியத்தில் வாயை மூடியது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. கீழே எங்கேயோ, ஒரு சீரான உறுமல்.

தபால்காரர் எழுந்து படியிறங்கிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "எல்லாம் படுத்துடுச்சு. ஆனா ஃப்ரீசர் மட்டும் ஜம்முனு ஓடுதுய்யா. அவசரத்துக்குன்னு அதுக்குத் தனியா ஒரு பேட்டரி ஒதுக்கி வச்சிருக்கான். சும்மா சொல்லக்கூடாது, எமகாதகன்."

மாடி கைதட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். "அது வந்து... ஒரு ஏற்பாடு" என்றார். அப்படி ஓர் ஏற்பாடு அவர் வீட்டில் கிடையாது என்பது அந்த மாடியிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபடி கீழே இறங்கினார்.

ஸ்டோர் ரூமில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் சுவர் பிளக்குக்குப் போகவில்லை. பின்னால் மடித்துப் போட்டிருந்த பழைய சாக்கைத் தூக்கினார். அடியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதிலிருந்து கிளம்பிய ஒயர் சுவரில் ஏறி, ஜன்னலுக்கு மேலே இருந்த சல்லடைத் துவாரத்தின் மூலை வழியாக வெளியேறியது. வெளியே வந்து பார்த்தார். ஒயர் இறங்கி, பச்சை ஹோஸின் வாய்க்குள் நுழைந்திருந்தது.

ஹோஸைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சுவரோரமாகப் போய், மதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. மைத்துனர் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கில் முடிந்தது. அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது மனைவி அல்ல, சூரியனும் அல்ல. வாளி.

மைத்துனர் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தார். "வாங்க அத்தான். அந்தக் கண்ணாடியில எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"எப்பலேர்ந்து?"

"எது?"

"மாப்ள."

மைத்துனர் ஹோஸைப் பார்த்தார். "மழைக்காலத்துலேர்ந்து. பேட்டரி விடியறதுக்குள்ள படுத்து, ஒரு கேக் உருகிடுச்சே, அப்போ."

"எந்தக் கேக்கு உருகிச்சு? அதுல ஏதோ சேர்மானம் தப்பாயிடுச்சுன்னு அவதான் சொன்னா."

"சொல்லியிருப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா ரெண்டு பேருக்கும்?"

"எங்க ஸ்கூல் வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும் அத்தான். ஓட்டுறவங்க வண்டியை அவங்களே நிறுத்தினதா நினைச்சுப்பாங்க. நான் சொல்லிக்கிறதில்ல. சொன்னா ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே கை நடுங்கும்."

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பினார். தினமும் வாசலில் நின்று இந்த முகத்திடம்தான் ஒயரில் தொங்குவதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒருநாளாவது அந்த முகம் சிரித்திருந்தால், அந்தச் சிரிப்பைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கலாம்.

ஸ்டோர் ரூமில் மனைவி நின்றிருந்தாள். சாக்கு விலகியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியாதுங்க."

"தபால்காரருக்கு?"

"அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப, தினமும் நல்லா வந்திருக்குன்னு சொன்னியே."

"நல்லாத்தானே வந்துச்சு."

"அது என் கோடு இல்ல. பாதிக் கோடு அவன் வீட்டுல கிடந்திருக்கு." குரல் கொஞ்சம் உடைந்ததை அவர் இருமலாக மாற்றினார். "மத்தவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ கூடவே உக்காந்து படத்தைப் பார்த்தியே."

அவள் ஃப்ரீசர் மூடியின் மேல் கையை வைத்தாள். "ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பிடுங்கிப் போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

அவள் அவரைப் பார்க்கவில்லை, ஃப்ரீசரைப் பார்த்தாள். "சரிங்க. அந்தப் பொண்ணுக்கு வாக்கு கொடுத்தது நீங்க. நீங்களே பாத்துக்கங்க. மேல வந்தவங்களுக்கு நான் தண்ணி கொண்டுபோறேன்."

அறையில் அவரும் கேக்கும் மட்டும். மூடியைத் திறந்தார். மூன்று அடுக்கும் வெள்ளை வெளேரென்று நின்றன. மேலடுக்கின் ஓரத்தில் அவள் ஒவ்வோர் இதழாக வைத்த சர்க்கரைப் பூக்கள். முந்தாநாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் அதை வைத்ததை அவர் கதவருகே நின்று பார்த்திருக்கிறார். குளிர் வெளியே போகிறதே என்று சட்டென்று மூடினார். மூடியின் மேல் வெளிச்சப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. சல்லடைத் துவாரங்கள் வழியாக வந்தவை. ஒவ்வொன்றும் வட்டமாக இல்லாமல், குட்டிக் குட்டிப் பிறையாக இருந்தது. நிறையச் சூரியன்கள், ஒன்றாலும் பிரயோஜனமில்லை.

சூரியன் முழுசாகத் திரும்பினாலும் பேட்டரி தேறி இன்வெர்ட்டர் உயிர்பிடிக்கப் பிற்பகல் தாண்டிவிடும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். அதற்குள் ஐஸ்கிரீமுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று சற்று முன் மாடியில் ஊருக்கே பாடம் எடுத்தவர், மழைக்காலத்திலிருந்து இந்த ஹோஸைத் தினமும் வாளியோடு தாண்டிப் போயிருக்கிறார்.

மேலே யாரோ, "வருது வருது, வெளிய வருது" என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

அவர் கதவைச் சாத்தினார். குனிந்து, பிளக்கைப் பெட்டியில் வைத்து, முழுதாக உட்காரும்வரை கட்டைவிரலால் அழுத்தினார். சற்று நேரம் கழித்து உறுமல் திரும்பியது. சாக்கை எடுத்து, மனைவி மடித்து வைத்திருந்த அதே மடிப்பில் போட்டார். ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது, அதையும் நீவிவிட்டார்.

செல்போன் கையில் ஒருமுறை துடித்து, சிவப்புக் கோடு காட்டியது. சாகப்போகிறது. மாலையில் வரைபடம் போட வேண்டும். கடி விழுந்த மலையைப் பார்க்கத் தெருவே காத்திருக்கும். வீட்டில் வேறெந்த பிளக்கிலும் உயிர் இல்லை. கதவைப் பார்த்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியில் இன்னோர் ஓட்டை காலியாகத்தான் இருந்தது.

"எங்கய்யா போயிட்ட?" படியின் உச்சியிலிருந்து தபால்காரர் குரல் கொடுத்தார். "கீழ என்ன பண்ற?"

"ஏற்பாட்டைச் சரிபாத்துட்டிருக்கேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மூலையிலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டார்.