நாலாம் மாடி ஜன்னல்

பாழாகிக்கொண்டிருக்கும் கட்டடங்களைப் படம் பிடித்து, அந்தப் படங்களைக் கண்ணாடிப் பலகையில் அச்சேற்றுவது அவள் தொழில். அக்கா குடியிருந்த அடுக்குமாடியைவிட வாகான இடம் அவளுக்கு வாய்க்கவில்லை. சுவரெல்லாம் ஓதம், படிக்கட்டுக் கம்பியெல்லாம் துரு. வீட்டு ஓனர் அந்தப் பக்கம் தலைகாட்டி இரண்டு வருடமாகிறது.

"வாம்மா கேமரா! இன்னிக்கு எந்த ஓட்டையை அழகியாக்கப் போற?" என்பார் அக்காவின் கணவர், தையல் மிஷினைவிட்டு நிமிராமலே.

மிஷினுக்கு மேலே இருந்த ஜன்னல் கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், மாமாவே பழுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார். மாலை நாலு மணி வெயில் அந்த விரிசலில் இறங்கினால் எதிரே உள்ள குப்பைத் தெருகூடப் பொன்னாக உடைந்து மின்னும். டேப்தான் கண்ணை உறுத்தியது.

அக்காவும் மாமாவும் துணி எடுக்கப் போயிருந்த ஒரு நாள் அதை நகத்தால் உரித்தாள். பன்னிரண்டு படம் எடுத்தாள். திரும்ப ஒட்டப் பார்த்தால் பசை போயிருந்தது. ஒப்புக்கு அழுத்திவிட்டு, நாளைக்குப் புது டேப் வாங்கி வரலாம் என்று கிளம்பினாள். மறுநாள் மறந்தே போனாள். அதற்கு மறுநாள் காற்றடித்தது; கண்ணாடி பெயர்ந்து மிஷின்மேல் விழுந்தது.

மாமாவின் வலது கையில் நரம்பு அறுந்தது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. "நான்தான் சரியா ஒட்டல போலிருக்கு," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து அவள் வைத்த கண்காட்சியில் அந்த ஜன்னல் படம்தான் நடுநாயகம். ஆளுயரக் கண்ணாடி, பின்னால் விளக்கு. அவள் அழைக்காமலே அக்கா மாமாவைக் கூட்டி வந்துவிட்டாள்.

"ஐயோ, நம்ம வீட்டு ஜன்னலா இது! இவ்வளவு அழகாவா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

மாமா கிட்டே போய்ப் பார்த்தார். பிரிந்த நூல் ஒன்றைக்கூடத் தப்பவிடாத கண். இடது கை விரலால், டேப் இருந்த வழியிலேயே, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அப்புறம் நெடுக்கே.

"எப்பம்மா உரிச்ச?"

அவள் அவருடைய மடங்காத விரல்களைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஒட்டியிருப்பேனே."

பிறகு அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "வா, போலாம். வெளிய குளிரும்," என்று அக்காவின் முன்னால் போய் நின்றார், தான் முன்பு தைத்த கோட்டின் பித்தான்களை அக்கா ஒவ்வொன்றாய் மாட்டிவிடும்வரை.