தனியாக விற்காத பாட்டு

வானொலி அந்தப் பாட்டைக் காலையும் மாலையும் போட்டது. கடைகளில் அது கிடைக்கவில்லை. கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்தவன் அண்ணன். பாடியவள் அவன் தங்கை.

இசைத்தட்டு நிறுவனத்தில் விற்பனை அவன் பொறுப்பு. பாட்டைச் சிங்கிளாக, அது ஒன்றே உள்ள தனித் தட்டாகப் போட்டால், அதை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். போடாவிட்டால், அந்த ஒன்றுக்காக ஆல்பம் முழுவதையும் வாங்கியாக வேண்டும். தொழிலில் பழகிய தந்திரம்தான்.

"சிங்கிளா போட்டுடுண்ணா. கேக்கும்போதே குடுத்துடணும்."

"ஒரு பாட்ட வித்தா ஒரு பாட்டுக்காரியாவே நின்னுடுவ. மத்ததெல்லாம் யாரு கேப்பா?"

"முதல்ல ஒண்ணக் கேக்கட்டுமே."

"நீ பாடு. விக்கிறத எங்கிட்ட விடு."

விட்டாள்.

ஆல்பத்தில் இரண்டு பாட்டு இன்னும் முடியவில்லை. அட்டைப் படம் எடுப்பாக இல்லையென்று அவனே திருப்பி அனுப்பினான். அதற்குள் வேறொரு நிறுவனம், பாட்டை எழுதியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு, இன்னொருத்தியைப் பாடவைத்துச் சிங்கிளாக இறக்கியது. சட்டப்படி தப்பில்லை. தங்கை மூச்சு வாங்கிய இடத்தில்கூட அந்த இன்னொருத்தி அப்படியே வாங்கியிருந்தாள். சனங்களுக்கு வேண்டியது பாட்டு. கைக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். வானொலியும் அதற்கே மாறிக்கொண்டது.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு, சார்," என்று மொத்த வியாபாரி போனில் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான்.

ஆல்பம் வந்த வாரம் தங்கையைக் கடைக்குக் கூட்டிப்போனான். கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. வைத்திருந்தார்கள். ஒரு பெண் ஹெட்போன் மாட்டி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற தங்கையிடமே சொன்னாள்:

"அந்தப் பாட்டுதாங்க. யாரோ காப்பியடிச்சிருக்காங்க. என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வருமா?"

"இல்லங்க, இவதான்..." என்று அண்ணன் ஆரம்பித்தான். தங்கை அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"வராதுங்க," என்றாள். "ஆனா மூணாவது பாட்டு புதுசு. அதக் கேட்டுப் பாருங்களேன்."

"அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்."

வாசலில் அவன் கேட்டான். "ஏன் சொல்லவிடல?"

"சொல்லேன். ஒவ்வொரு கடையாப் போய்ச் சொல்லிட்டு வா. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதாவது திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண் கல்லாவில் நின்று சிங்கிளை வாங்கிக்கொண்டிருந்தாள்.