நேர்ந்துவிட்ட சேவலின் வால்

“அம்மனுக்கு நேந்துவுட்ட சேவல்டா அது! உன்ன நம்பி வுட்டுட்டுப் போனா, அதும் வால்ல கத்திரிக்கோலை வெச்சிக்கீறியே, வெளங்குவியா?”

“அத்தே, சத்தியமா நான் இல்ல. பூனை கவ்வியிருக்கும்னு நெனச்சேன். வாலைக் கத்திரிச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது?”

“பொண்ணு குடுக்க இழுத்தடிக்கிறாளேன்னு கடுப்பு. வேற இன்னா?”

1988 ஆடி. கோவில்பதாகையில் எங்கள் தெருவே நாகம்மாள் வீட்டு வாசலில் நின்றது. நிலமெல்லாம் மனையாகிவிட்டாலும், நாகம்மாளின் குரல் மட்டும் இன்னும் வயல் கோடி வரை கேட்கும். திட்டு வாங்கியவன் அவள் அண்ணன் மகன் சம்பத், பாடியில் லாரி ஓட்டுகிறவன். உள்ளே கதவோரம் அழுதவள் அவள் மகள் தாட்சாயிணி. இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை என்பது தெருவுக்கே தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். லாரிக்காரனுக்கா என்று முறைத்துக்கொண்டிருந்த நாகம்மாள், போன மாதம்தான் ‘ஆடி முடியட்டும், பாக்கலாம்’ என்று இறங்கி வந்திருந்தாள். மகள் கல்யாணம் நல்லபடி கூட வேண்டும் என்று சேவல் நேர்ந்து, அதன் காலில் மஞ்சள் கயிறும் கட்டியிருந்தாள். நேர்ந்த சேவலுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது. அது இப்போது பின்புறம் மொட்டையாக, எதுவும் நடக்காத மாதிரி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

கத்தரிக்கோல் என்னுடையது. ஜாக்கெட் தைக்க வாங்கியது.

பக்கத்துப் போர்ஷன் கலியமூர்த்தி, என் வீட்டுக்காரரோடு ஆவடியில் பேக்டரி வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் மகள் லோகநாயகி எம்.எஸ்சி. விலங்கியல் படித்தாள். நாகம்மாளும் மகளும், ராத்திரி மட்டும் வரும் சம்பத்திடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, திருவள்ளூரில் தங்கை வீட்டுக்குப் போன அன்று, நோட்டும் கையுமாக வந்தாள்.

“அக்கா, சேவலுக்கு எதுக்கு இவ்ளோ நீள வால்? பூனை துரத்தினா அதுவே தொல்லை.”

“அழகுக்குத்தான்.”

“யாரு பாக்கிற அழகு? கோழி பாக்கிற அழகு. அதுங்க பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்துத்தான் தலைமுறை தலைமுறையா வால் நீண்டுச்சோ என்னவோ. வாலைக் குறைச்சா கோழி சேத்துக்குமா, ஒதுக்குமான்னு பாக்கணும்.”

ஆணே இல்லாமல் பெண் மட்டும் முட்டையிட்டுப் பெருகும் பல்லி ஜாதி உண்டு என்றும் சொன்னாள்.

“குடுத்து வெச்ச பல்லி,” என்றேன்.

“இல்லக்கா, அதுல எல்லாம் ஒரே அச்சு. ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிடலாம். ரெண்டு பேர் கலந்தா குஞ்சு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஏதாவது ஒண்ணு தப்பிக்கும். அதுக்குத்தான் இவ்ளோ பாடு.”

என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு, பாடுதான் என்றேன்.

நீள வால் என்றால் நாகம்மாள் சேவல்தான் என்று கைகாட்டியவள் நான். நொய் போட்டு வரவழைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டவளும் நான். லோகநாயகி அதன் காலைப் பார்த்தாள்.

“இது என்ன கயிறு?”

“அடையாளத்துக்கு.”

வாய் கூசாமல் சொன்னேன். இந்தத் தெருவில் எவள் வீட்டிலும் இப்படி ஒரு வால் இல்லை என்று நாகம்மாள் தினம் பீற்றிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்து பார்க்கும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை. வால் மறுபடி முளைத்துவிடும் என்று சொல்லிக் கத்தரித்தாள் லோகநாயகி. எத்தனை நாளில் என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாள் கொல்லையில் குந்தியிருந்து எழுதினாள். கோழிகள் வாலைச் சட்டை செய்யவே இல்லை. எப்போதும் போலச் சேவலிடம் போயின. “கொண்டையைத்தான் பாக்குதுங்க போல,” என்று நோட்டை மூடினாள்.

அன்று வாசலில் நாகம்மாள் வாயிலிருந்து ‘நேந்துவுட்ட’ என்ற சொல் விழுந்ததும், என் பக்கத்தில் நின்ற லோகநாயகியின் முகம் வெளுத்தது. “நேந்ததாக்கா? நான் போய்ச் சொல்லிடறேன்.”

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “நீங்க இருக்கிறது நாகம்மா வீட்டுல. நாளைக்கே உங்கப்பாவைக் காலி பண்ணச் சொல்லுவா.” நான் இருந்ததும் அவள் வீட்டில்தான், அதைச் சொல்லவில்லை. லோகநாயகி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

சம்பத் கதவைப் பார்த்துக் கேட்டான். “தாட்சா, நீயாவது நம்புறியா?”

“நம்புறேன் மாமா.”

“வாயை மூடுடி!” நாகம்மாள் கூட்டத்தைத் துழாவி என்னைப் பிடித்தாள். “ஜெகதா, இந்தத் தெருவுல ஒரு எலி ஓடினாலும் உனக்குத் தெரியும். நீ சொல்லு. இவன்தானே?”

எல்லாரும் திரும்பினார்கள். சம்பத்தும்.

“நான் ஒண்ணும் பாக்கலையே,” என்றேன்.

பிறந்ததிலிருந்து அப்படிச் சொன்னதில்லை. அதுதான் வினையாயிற்று. “பாத்தியா, பாத்துட்டு சொல்ல மனசு வரல அவளுக்கு,” என்றாள் நாகம்மாள். தெரு தலையாட்டியது. “சாமி குத்தம் பண்ணவனுக்கா பொண்ணு? போடா!”

சம்பத் யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்தான்.

அதன்பிறகு இரண்டு முறை, சொல்லிவிடுவது என்றே நாகம்மாள் வீட்டுக்குப் போனேன். முதல் முறை முருங்கைக்கீரையோடு திரும்பினேன். இரண்டாம் முறை கல்யாணச் செய்தியோடு. மணப்பெண் ஜாக்கெட்டுக்கு நான்தான் அளவெடுத்தேன். தோள் அளவைக் குறிக்கும்போது தாட்சாயிணி மெதுவாகக் கேட்டாள்.

“நெஜமாவே நீங்க யாரையும் பாக்கலியாக்கா?”

“இல்லம்மா. கையைத் தூக்கு,” என்றேன்.

தை மாதம் அவளைப் பூந்தமல்லியில் நிரந்தர உத்தியோகக்காரன் ரகுநாதனுக்குக் கொடுத்தார்கள். லோகநாயகிக்கு நெய்வேலியில் மாப்பிள்ளை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஆவடிக்குப் போனோம். சம்பத் லாரியோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். இன்னும் கட்டிக்கொள்ளவில்லை என்று கேள்வி.