முதலில் நம் கொட்டகை

குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, மதுமதி தன் மடிக்கணினியை மீண்டும் திறந்தாள். பெட்டிக்குள் அவளுடைய தந்தை மருதாசலம் படுத்திருந்தார். நேற்று மாலை முட்டை வண்டியை அனுப்பிவிட்டு நாற்காலியில் அமர்ந்தவர், பிறகு எழவில்லை.

“பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து பொட்டி தட்டறா பாரு,” என்றாள் அத்தை அங்கம்மாள், மற்றவர்களுக்கும் கேட்கும்படி.

அதற்கு மதுமதி மறுமொழி கூறுவதாயின் நீண்ட விளக்கம் வேண்டியிருக்கும். கோழிக்கொட்டகைகளின் விசிறிகளை ஆளும் மின்பலகைகளுக்கு நிரல் எழுதுவது அவளது பணி. கோவை அலுவலகத்தில் இருந்தவாறே, இணையத்தின் வழியாகப் பழைய நிரலை அழித்துப் புதியதை ஏற்றுவாள். புதுச்சத்திரம், சேந்தமங்கலம், மோகனூர் வட்டாரங்களில் அத்தகைய கொட்டகைகள் நாற்பது இருந்தன. அவள் எழுதிய நிரலில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. வெப்பம் நாற்பது பாகையைத் தொட்டதும் பலகை செயலற்றுப்போய் விசிறிகள் நின்றுவிட்டன. மூன்று நாள்களுக்கு முன் சேந்தமங்கலத்தில், நாற்புறமும் அடைத்த கொட்டகை ஒன்றில் நான்காயிரம் கோழிகள் மூச்சுத்திணறி மாண்டன. திருத்திய நிரல் ஆயத்தமாக இருந்தது. ஆனால் இன்று நண்பகலுக்கு முன்பே வெப்பம் அந்த அளவைத் தொட்டுவிடும்.

எந்தப் புதிய நிரலையும் முதலில் தம் கொட்டகையில் ஏற்றச் செய்வது மருதாசலத்தின் வழக்கம். “கெட்டா நம்முது கெடட்டும் சாமி. ஊரான் கோழி மேல பழகாத,” என்பார். நிரல் ஏறும் பன்னிரண்டு நிமிடங்களும் பலகை உறங்கிக் கிடக்கும். விசிறிகள் அனைத்தையும் ஒருசேர இயக்கினால் கைவிசையின் மின்பெட்டி தாங்காது. ஆகவே, இரண்டு வரிசைகளையும் கைவிசையால் மாற்றி மாற்றி ஓட்டியபடி அவரே நிற்பார்.

“பத்தரைக்கு எடுத்தரோணும். திங்கக்கெழம, அதுக்கு மேல எமகண்டம்,” என்று சித்தப்பா பூபதி அனைவரிடமும் அறிவித்திருந்தார்.

மணி பத்தாகச் சில நிமிடங்கள் இருக்கையில் மதுமதி கொட்டகைக்குச் செல்ல எழுந்தாள். பண்ணையில் இருபதாண்டுகளாக உழைத்துவரும் ஆண்டி உடனே முன்னால் வந்தார்.

“நா நின்னுக்கறனுங்க அம்முணி.”

“நீங்க அப்பாவத் தூக்கோணும்,” என்றாள் அவள். ஆண்டி தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தாய் ஜோதி, மகளின் முந்தானையைப் பற்றியிருந்த விரல்களைத் தளர்த்தினாள்.

பத்தேகாலுக்குள் திரும்பிவிடலாம் என்பது மதுமதியின் கணக்கு. ஆயினும் கொட்டகைக்குள் இணையத் தொடர்பு மெலிந்திருந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று வரை ஏறிய நிரல், அதன்பின் நத்தையாய் ஊர்ந்தது. அவள் முதல் வரிசையை நிறுத்தி இரண்டாவதை ஓட்டினாள். இரண்டாவதை நிறுத்தி முதலாவதை ஓட்டினாள். வீட்டுப் பக்கத்தில் சங்கு ஊதினார்கள்.

கதவைப் பாதி திறந்து பூபதி எட்டிப் பார்த்தார்.

“எடுக்கப் போறோம் சாமி. வந்து மொகத்தப் பாத்துக்க.”

“இன்னும் நாலு நிமிசம் சித்தப்பா.”

“கோழி போனாப் போகுது. பொம்பளைக சுடுகாட்டுக்கு வர மாட்டீங்கல்ல? இங்க பாத்தாத்தான்.”

அவள் திரையைப் பார்த்தாள். எண்பத்திரண்டு. அறுபது கஜத் தொலைவில் தந்தையின் முகம் இருந்தது. இங்கே ஆறாயிரம் கோழிகள் இருந்தன. இக்கொட்டகையில் தேறாத நிரலை மற்ற முப்பத்தொன்பதுக்கும் அனுப்ப இயலாது.

“நீங்க எடுங்க சித்தப்பா,” என்றாள்.

பூபதி, உள்ளிருக்கும் காற்றோட்டம் கெடாதபடி கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் சென்றார்.

கொட்டகையின் வெளிச்சுவரை ஒட்டித்தான் சுடுகாட்டுப் பாதை சென்றது. பறையொலி அருகே வந்தது. யாரோ, “தோள மாத்துங்க, தோள மாத்துங்க,” என்றார்கள். குரல் தம்பி கௌசிக்குடையது போலிருந்தது. அவ்வேளையில் பலகையின் விளக்கு அணைந்து, மறுபடியும் பச்சையாக எரிந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தாமே சுழலத் தொடங்கின. பத்தாவது விசிறி வேகம் பிடித்தபோது வெளியிலிருந்து எந்த ஒலியும் கேட்கவில்லை.

தீவன மூட்டையின் மேல் அமர்ந்து, மற்ற கொட்டகைகளுக்கு நிரலை அனுப்பினாள். பண்ணையாளர்கள் தத்தம் விசையருகே காத்திருக்கும்படி காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். வேறெதையும் அதில் குறிப்பிடவில்லை. ஒவ்வொருவராக, ஓடுகிறது என்று தெரிவித்தனர். பதினொன்றே காலுக்கு மோகனூர் பாலசுந்தரம் தொலைபேசியில் அழைத்தார்.

“ஜம்முனு ஓடுதுங்க அம்முணி. எப்பவும் உங்கப்பா கூப்புட்டு, ஓடுதான்னு கேப்பாரு. இன்னிக்கி என்னமோ கூப்புடுல. ஓடுதுன்னு நீங்களே அவருகிட்டச் சொல்லீருங்க.”

“சரிங்க,” என்றாள் மதுமதி.

இன்னும் ஆறு கொட்டகைகள் எஞ்சியிருந்தன. அவள் கணினியை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.