வாலுவுக்கு ஒரு கதவு

கதவு செய்வது என் தொழில். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தால் மாலைவரை இழைப்பதும் கீல் பொருத்துவதும்தான். அப்படிப்பட்டவன், போயும் போயும், வாசலையும் குளியலறையையும் விட்டால் கதவே இல்லாத வீட்டை ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது பழைய பொத்தான் தொழிற்சாலையின் மூன்றாவது மாடி. இரண்டாள் உயர ஜன்னல்கள், ஒரே பெரிய கூடம், மூலையில் செங்குத்தான மரப்படி, அதன் மேலே கட்டில் போடும் அளவுக்கு ஒரு தளம். நாள் முழுக்கக் கதவுகளோடு மாரடிப்பவனுக்கு அந்த வெட்டவெளியைப் பார்த்ததும் மூச்சு வந்தது. மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். பத்து வயது அவளுக்கு. வீட்டில் எல்லோருக்கும் வாலு.

"என்னப்பா, என்னைப் பரண்ல ஏத்திடப் போறியா?"

"பழைய சாமான் நான்தான், கீழ இருந்துக்கறேன். நீ மேல."

"அப்ப இதையே எடுப்பா!"

எடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தைப் படிக்கக்கூட இல்லை.

நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது, வீடு தோதாக இருந்தால் வாரத்தில் பாதி நாள் மகள் என்னோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அதைப் பார்க்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். அடுப்பைப் பார்த்தார், படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பாப்பா ரூம் எது?"

மேலே காட்டினேன்.

"கதவு?"

திறந்து கிடந்த தளத்தை நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"வளர்ற பொண்ணுங்க. துணி மாத்தணும், கோவிச்சுக்கணும், அழணும். ஒரு கதவு வேணாமா?"

"திரை போட்டுடறேன் மேடம்."

"திரை போதாதுங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கதவு செய்யறேன்."

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். "பழைய கட்டடம்ங்க, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. செவுரு எழுப்புற பேச்சே வேணாம். படிச்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். ஒப்பந்தத்தை முறிக்கவும் வழியில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தேன். தேக்கில் ஒரு கதவு, கனமான அடிப்பலகை வைத்த நிலைச்சட்டம். ஆணி வேண்டாம், தானாக நிற்கும். நான்கு பேர் சேர்ந்து ஏற்றி, படி முடியும் இடத்தில் நிறுத்தினோம். தாழ்ப்பாளும் வைத்தேன், உள்பக்கம்.

மறுபடி வந்த அதிகாரி அம்மா கதவைத் திறந்தார், மூடினார், மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கிக் கூடத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தார். கட்டில், தலையணை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"நல்ல கதவுங்க," என்றார் மெதுவாக. "செவுரு இல்லையே."

வேறு வீடு மாறும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை என்று எழுதிவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

முதல் ஞாயிறு அவளிடம் சொன்னேன். வாலு விறுவிறுவென்று படியேறிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"உள்ள வராதப்பா. கோவமா இருக்கேன்."

கீழே நின்ற எனக்கு அவள் முழங்காலில் முகம் புதைத்து அழுவது அப்படியே தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று படியேறிக் கதவருகே போனேன். அங்கே நின்றால் மட்டும்தான் அவள் தெரியமாட்டாள். கதவைத் தட்டினேன்.

"வராதன்னேன்ல!"

"வரலம்மா."

கடைசிப் படியில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே விசும்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு, அவள் அம்மா கீழிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.